எக்ஸ்ரேயில் தெரியாத அடி: விப்லாஷ் என்றால் என்ன, இழப்பீடு எப்படிக் கேட்பது?

சிக்னலில் நிற்கிற காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் இடிக்கிறது. பம்பர் ஒடுங்கியிருக்கிறது. ரத்தம் இல்லை, முறிவு இல்லை. இறங்கி நாலு வார்த்தை சத்தம் போட்டுவிட்டு இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் எழுந்தால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, பின்மண்டையில் வலி, தோள் கல்லாக இறுகிக் கிடக்கிறது. இந்தக் காயத்துக்குத்தான் விப்லாஷ் என்று பெயர்.

இதைப் பற்றி இரண்டு பேச்சு உலவுகிறது. “எக்ஸ்ரே நார்மல், அப்புறம் என்ன வலி? காசு பிடுங்குகிற வேலை” என்பது ஒன்று. “கழுத்தில் காலரை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போ, லட்சக்கணக்கில் வரும்” என்பது இன்னொன்று. முதலாவதை நம்புகிறவர் உண்மையான காயத்துக்குக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிறார். இரண்டாவதை நம்புகிறவர் நாலு வருஷம் அலைந்து ஏமாறுகிறார்.

டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றால்

டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறீர்கள். டிரைவர் கிளட்சை வெடுக்கென்று விடுகிறார். பாதம் பஸ்ஸோடு முன்னால் போய்விடுகிறது. உடம்போ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பின்னால் சாய்கிறீர்கள். யாரும் உங்களைத் தள்ளவில்லை, காலடித் தரைதான் முன்னால் நகர்ந்துவிட்டது.

பின்னாலிருந்து இடிபட்ட காரில் இதேதான் நடக்கிறது. பஸ்ஸின் தரைக்குப் பதில் சீட், பாதத்துக்குப் பதில் முதுகு. சீட்டின் சாய்மானம் முதுகை முன்னால் உந்துகிறது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது ஏழு சிறு எலும்புகளால் ஆன கழுத்து.

முதலில் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னால் வளைகிறது, மேல்பகுதி முன்னால் வளைகிறது. பாம்பு நெளிவதுபோல ஒரு வளைவு. அடுத்து தலை மொத்தமாகப் பின்னால் போகிறது; பிறகு முன்னால் திரும்பி வருகிறது. சாட்டையைச் சொடுக்கும்போது பிடி முதலில் அசைந்து நுனி கடைசியில் சுண்டுகிறதல்லவா, பெயர் அங்கிருந்துதான் வந்தது. எல்லாம் ஏறக்குறைய கால் நொடிக்குள் முடிந்துவிடும். கழுத்துத் தசை சுதாரித்து இறுகுவதற்கே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடி ஆகும். அதற்குள் அந்த முதல் நெளிவு நடந்துவிடுகிறது.

நெளியும்போது நோகிற இடங்கள் மூன்று. ஒன்று தசை. இரண்டாவது தசைநார், அதாவது எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார். மூன்றாவது ஃபேசட் மூட்டு. கழுத்தெலும்புகளின் பின்புறம் ஜோடி ஜோடியாக இருக்கும் சின்ன மூட்டுகளுக்கு அந்தப் பெயர். மாதக்கணக்கில் வலி நிற்காதவர்களில் பலருக்கு வலியின் ஊற்று இந்த மூட்டுதான்.

“ஏர்பேக்கே விரியவில்லை, அடி எப்படிப் பட்டிருக்கும்?” என்று கேட்பார்கள். முன்பக்க ஏர்பேக் முன்னால் மோதினால் விரிவதற்காக வைத்தது. பின்னாலிருந்து இடித்தால் பொதுவாக விரியாது. “வண்டிக்குப் பெரிய சேதமே இல்லையே” என்பதும் முழு வாதமாகாது. தகடு நசுங்கவில்லை என்பதால் உள்ளே இருப்பவரின் கழுத்து நெளியவில்லை என்று ஆகிவிடாது.

தலை பின்னால் போவதைத் தடுக்கத்தான் ஹெட்ரெஸ்ட் இருக்கிறது. சாய்ந்து ஓய்வெடுக்க என்று நினைத்து, பெரும்பாலானோர் அதை அடிவரை இறக்கி வைத்திருக்கிறார்கள். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும், குறைந்தது காதின் மேல்விளிம்பையாவது தாண்ட வேண்டும். பின்மண்டைக்கும் அதற்கும் நடுவே மூன்று, நான்கு விரல் இடைவெளிக்கு மேல் கூடாது. பிடரி மட்டத்தில் நிற்கும் ஹெட்ரெஸ்ட், அதன்மேல் தலை பின்னால் மடங்குவதற்கு வழி செய்ததுபோல ஆகிவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உடம்பு முன்னால் போக, தலை பின்தங்க, கழுத்து நெளிகிறது, நோவது எலும்பு அல்ல, அதைச் சுற்றியுள்ள மென்மையான பாகங்கள்.

எக்ஸ்ரே நார்மல் என்றால்?

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும் கருவி. முறிவு இருக்கிறதா, எலும்பு விலகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுக்கிறார்கள். நார் இழுபட்டதும் மூட்டின் உறை கன்றிப்போனதும் அதில் விழாது, எம்.ஆர்.ஐ.யிலும் பெரும்பாலும் விழுவதில்லை. ஆகவே நார்மல் என்ற ரிப்போர்ட்டுக்கு “எலும்பில் முறிவோ விலகலோ தெரியவில்லை” என்று பொருள். “வலி பொய்” என்று பொருளில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. ஸ்கேனில் டிஸ்க் பல்ஜ் (கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்குவது), தேய்மானம் என்று எழுதியிருந்தால் உடனே “விபத்தால் டிஸ்க் பிதுங்கிவிட்டது” என்று முடிவு கட்டுகிறார்கள். நடுவயதைத் தாண்டிய, வலியே இல்லாத பலருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் இப்படித்தான் வரும். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இந்த வரியைத்தான்: “இது வயசுத் தேய்மானம், விபத்துக்கு முன்பே இருந்தது.” கழுத்தின் இயல்பான வளைவு நேராகிவிட்டது என்ற குறிப்பும் அப்படியே, தசை இறுகினாலும் வரும், படம் எடுக்கும்போது நின்ற நிலையாலும் வரும்.

மருத்துவர்கள் இந்தக் காயத்தைத் தரம் பிரிக்க 1995-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வகுத்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 0 என்றால் புகாரே இல்லை. 1: வலி, இறுக்கம் என்று நோயாளி சொல்கிறார், பரிசோதனையில் எதுவும் தட்டுப்படவில்லை. 2: கழுத்து திரும்பும் அளவு குறைந்திருக்கிறது, குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் வலிக்கிறது என்று மருத்துவரே கண்டறிகிறார். 3: நரம்பு பாதிப்பின் அடையாளங்கள், அதாவது கை பலவீனம், உணர்ச்சிக் குறைவு. 4: முறிவு அல்லது எலும்பு விலகல்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை 1-க்கும் 2-க்கும் நடுவேதான் பாதி வழக்கு இருக்கிறது. இரண்டையும் பிரிப்பது ஸ்கேன் இல்லை. மருத்துவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, “வலப்பக்கம் பாதிதான் திரும்புகிறது” என்று சீட்டில் எழுதும் ஒரு வரி. “நெக் பெயின்” என்று மட்டும் எழுதி மாத்திரை கொடுத்த சீட்டு 1-ஆம் தரத்தைத் தாண்டாது. என்ன கண்டுபிடித்தாரோ அதை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

வலி சில மணி நேரம் கழித்தும் வரலாம், ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம். வாரக்கணக்கில் எந்தக் குறிப்பும் இல்லாமல், மூன்றாவது வாரம் முதல் சீட்டு போட்டால் விபத்தோடு அதை முடிச்சுப் போடுவது கடினம்.

முதல் சில நாட்கள்

கை கால் மரத்துப்போதல், பிடிப்புத் தளர்தல், நடை தள்ளாடுதல், சிறுநீர் அடக்க முடியாமை, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் இது விப்லாஷ் என்று வீட்டில் இருக்கக் கூடாது, நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. 65 வயதைத் தாண்டியவர்கள் அறிகுறி லேசாக இருந்தாலும் போய்விட வேண்டும். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

நம் ஊரில் கழுத்து பிடித்தால் செய்கிற இரண்டு காரியங்களைச் செய்யவே கூடாது. சலூனில் நெட்டி முறிப்பது. எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிப்பது. தூங்கி எழுந்து வந்த பிடிப்புக்கு அது ஒத்துக்கொள்ளலாம். இழுபட்ட நாரையும், முறிவு இல்லை என்று இன்னும் உறுதியாகாத எலும்பையும் திருகுவது வேறு.

முறிவு இல்லை என்று தெரிந்தபின் கழுத்தை அசைப்பதுதான் மருந்து. வலி மாத்திரை, மெதுவாக வலது இடது திருப்பும் பயிற்சி, தேவைப்பட்டால் பிசியோதெரபி. காலரை வாரக்கணக்கில் மாட்டியிருந்தால் தசை தளர்ந்து, குணமாவது தள்ளிப்போகும். மருத்துவர் சொன்னால் சில நாள், அவ்வளவுதான். பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். ஒரு பகுதியினருக்கு வலி அதற்கு மேலும் தங்குகிறது.

பணம் யார் தருவது?

இங்கேதான் குழப்பம் அதிகம். உங்கள் காருக்கு நீங்கள் கட்டிய பாலிசி உங்கள் கழுத்துக்குப் பணம் தரும் என்று நினைக்கிறார்கள். ஓன் டேமேஜ் என்பது தகடுக்கும் கண்ணாடிக்கும். அதோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, மரணம், கை கால் கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்கு மட்டும். விப்லாஷ் அதில் வராது.

தர வேண்டியது உங்களை இடித்த வண்டியின் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ். உங்கள் வண்டியால் இன்னொருவருக்கு ஆகும் கேட்டுக்குக் கட்டும் காப்பீடு அது. எல்லா வண்டிக்கும் கட்டாயம். உங்களை இடித்தவருக்கு அந்த இன்னொருவர் நீங்கள்தான். ஆகவே சம்பவ இடத்திலேயே வேண்டியது இடித்த வண்டியின் எண். முடிந்தால் பாலிசியின் படமும்.

இதற்கு ஓட்டுநரின் தவறு நிரூபணமாக வேண்டும். முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றாலும் மோதாமல் நிறுத்தும் இடைவெளியை விட வேண்டியது பின்னால் வருபவர் பொறுப்பு என்பதால், பின்னாலிருந்து இடித்த வழக்குகளில் இது பொதுவாகச் சுலபம். ஆனால் எப்போதும் அல்ல. கோவை அருகே நடந்த ஒரு விபத்தில், நெடுஞ்சாலை நடுவே சைகை காட்டாமல் காரை நிறுத்தியவர்மீது 50 சதவீதப் பொறுப்பை உச்ச நீதிமன்றம் 2025-இல் சுமத்தியது. உங்கள்மீது ஒரு பங்கு தவறு என்று தீர்ப்பானால், தொகையில் அந்தப் பங்கு கழியும்.

இடித்துவிட்டுப் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அரசு நிதியில் இழப்பீடு உண்டு. ஆனால் அது மரணத்துக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டும். கொடுங்காயம் என்பது சட்டச் சொல்: முறிவு, உறுப்பு இழப்பு போன்றவை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவின்படி, 15 நாள் கடும் வலி அல்லது அன்றாட வேலை செய்ய முடியாமை இருந்தாலும் அந்தப் பட்டியலில் சேரும். ஆனால் விப்லாஷுக்கு மருத்துவமனையில் பெரும்பாலும் ‘சாதாரண காயம்’ என்றே எழுதுகிறார்கள்.

காகிதம்தான் ஸ்கேன்

படத்தில் தெரியாத காயத்துக்கு, தேதி போட்ட காகிதம்தான் சாட்சி. தமிழ்நாட்டு நடைமுறையில் முதல் காகிதம் ஏ.ஆர். காப்பி: விபத்தில் அடிபட்டு வந்தவரைப் பற்றி மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எழுதும் குறிப்பின் நகல். எந்த வண்டி, எப்படி மோதியது, எங்கே வலி என்று அதில் இருக்கும். கைச் சிராய்ப்பைக் காட்டிவிட்டுக் கழுத்து வலியைச் சொல்லாமல் வந்தால், பிறகு எத்தனை சீட்டு கொண்டுபோனாலும் “அன்றைக்குக் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே” என்பார்கள். “கீழே விழுந்துவிட்டார்” என்று உடன் வந்தவர் அவசரத்தில் சொல்லி, அதுவே பதிவாகி, வழக்கே விழுந்துபோவதும் உண்டு.

அடுத்தது காவல் நிலையம். புகார் கொடுத்ததும் கையில் தருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது, புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான சீட்டு மட்டும்தான் அது. இழப்பீட்டுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். இடித்தவர் பம்பர் செலவுக்கு மூவாயிரமோ ஐயாயிரமோ கொடுத்து, “யாருக்கும் காயமில்லை, மேல்நடவடிக்கை வேண்டாம்” என்று எழுதி வாங்கிக்கொண்டு போவது வாடிக்கை. மறுநாள் கழுத்து பிடித்துக்கொண்டால் அந்தக் கையெழுத்தே எதிராக நிற்கும். சமாதானமாகப் போவதென்றால் ‘வாகனச் சேதத்துக்கு மட்டும்’ என்று எழுதுங்கள்.

எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு காவல்துறைக்கும் கெடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்திலும், விரிவான விபத்து அறிக்கை 90 நாளிலும், இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். போய்விட்டதா என்று விசாரித்துக்கொண்டிருப்பது உங்கள் வேலை.

இவை தவிர: ஒவ்வொரு முறை போனபோதும் தேதியிட்ட ஓ.பி. சீட்டு, மருந்துக் கடை பில், பிசியோதெரபிக்குத் தனி ரசீது, விடுப்பு எடுத்ததற்கு அலுவலகச் சான்று, மூன்று மாதச் சம்பளச் சீட்டு. வாடகைக் கார் ஓட்டுபவருக்கு வங்கிக் கணக்கு விவரமும் செயலியில் உள்ள சவாரிக் கணக்கும்தான் சம்பளச் சீட்டு. மெடிக்ளெய்முக்கு அசல் பில்லைக் கொடுத்துவிட்டால், சான்றொப்பமிட்ட நகல் வாங்கி வையுங்கள். இரண்டு மாதம் ஒரு சீட்டும் இல்லாத இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியில் குணமாகிவிட்டீர்கள் என்றுதான் எதிர்த்தரப்பு படிக்கும்.

எவ்வளவு கிடைக்கும்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விப்லாஷுக்கு விலைப்பட்டியலே இருக்கிறது. 2021 மே 31-இல் அது வந்தபோது, மூன்று மாதத்துக்குள் குணமாகும் காயத்துக்கு 240 பவுண்டு, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை நீடிப்பதற்கு 4,215 பவுண்டு. இங்கே அப்படிப் பட்டியல் இல்லை. தலைப்பு வாரியாகக் கூட்டுகிறார்கள்.

மாதம் 24,000 ரூபாய் சம்பளம் வாங்குபவர் 10 நாள் வேலைக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். வருமான இழப்பு 8,000. மருத்துவர், ஸ்கேன், மருந்து 9,000. பிசியோதெரபி 12 தடவை, தடவைக்கு 500 வீதம் 6,000. ஆட்டோச் செலவு 2,000. கூட்டினால் 25,000. இதன்மேல் வலிக்கும் வேதனைக்கும் என்று தீர்ப்பாயம் தன் மதிப்பீட்டில் ஒரு தொகை சேர்க்கும். மூன்று மாதத்தில் தேறிய விப்லாஷின் அளவு இதுதான்.

லட்சக் கணக்கு எங்கிருந்து வருகிறது? ஊனச் சதவீதத்திலிருந்து. 20,000 ரூபாய் மாத வருமானமுள்ள 35 வயது ஓட்டுநருக்குச் சம்பாதிக்கும் திறன் நிரந்தரமாக 5 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றால், ஆண்டு வருமானம் 2,40,000-ஐ அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16-ஆல் பெருக்கி, அதில் 5 சதவீதம்: 1,92,000. பெருக்கெண் என்பது இன்னும் எத்தனை ஆண்டு வருமானத்தைக் கணக்கில் எடுப்பது என்பதற்கு வயதைப் பொறுத்து உச்ச நீதிமன்றம் 2009-இல் நிலைப்படுத்திய எண்.

ஆனால் மருத்துவச் சான்றில் உள்ள சதவீதம் அப்படியே இந்தக் கணக்குக்குள் வராது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: உடலில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, அதனால் அவர் தொழிலில் எத்தனை சதவீதம் வருமானம் போகும் என்பது வேறு. ஒரே கழுத்து இறுக்கம், நாள் முழுக்கப் பின்னால் திரும்பிப் பார்த்து லாரி ரிவர்ஸ் எடுப்பவருக்கு ஒரு கணக்கு, வகுப்பில் பாடம் நடத்துபவருக்கு இன்னொரு கணக்கு. எந்த வேலையை முன்போல் செய்ய முடியவில்லை என்று ஆதாரத்தோடு காட்டாமல் சதவீதச் சான்று மட்டும் வைத்தால் பெருக்கெண் கணக்கு போட மாட்டார்கள். சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று ஒரு தொகையோடு நிறுத்திக்கொள்வார்கள். காலரோடு கூண்டேறினாலும் இதேதான்.

சுருக்கம்: குணமாகிவிட்ட காயத்துக்குச் செலவும் இழந்த சம்பளமும் வலிக்கான தொகையும், குணமாகாத காயத்துக்கு மட்டுமே பெருக்கெண் கணக்கு.

மனு போடும் வழி

மனு போவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு. நீதிமன்ற வட்டாரத்தில் எம்.சி.ஓ.பி. என்பார்கள். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது, மாவட்டங்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களில். விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர், எங்கே வேண்டுமானாலும் போடலாம். எதிர்மனுதாரராக வண்டி உரிமையாளரையும் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் சேர்ப்பார்கள்.

கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். இந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. காலம் கடந்தது என்று மட்டும் சொல்லி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவு மாறலாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே “கேஸ் நாங்க பாத்துக்கறோம், வர்றதுல இத்தனை பர்சென்ட்” என்று வருபவர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று வக்கீல் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். இன்னும் சில பிரிவினர் தவிர மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

சிறிய தொகை வழக்குகள் பல மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிகின்றன. அங்கே ஒப்புக்கொண்டால் அதன்மேல் மேல்முறையீடு இல்லை; ஆகவே சிகிச்சை முடிந்து, இனி செலவு வராது என்று தெரிந்தபின் உட்காருவது நல்லது. தீர்ப்பாயம் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னால், மனு போட்ட நாளிலிருந்து வட்டி சேரும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம். தீர்ப்பு போதவில்லை என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு, தகராறுக்குரிய தொகை ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் மேல்முறையீடு கிடையாது. மேலே கணக்குப் போட்ட 25,000 ரூபாய் வழக்கு தீர்ப்பாயத்திலேயே முடிந்துவிடும். அங்கே தாக்கல் செய்யாமல் விட்ட பிசியோதெரபி ரசீதைக் காட்டுவதற்கு இன்னொரு இடம் இல்லை.